நோயாளி இருக்கும் அறையின் ஜன்னல்: புயலிலும் கடும் வெயிலிலும் பாதுகாப்பு

நடமாட இயன்ற ஒருவர் ஜன்னல் வழியே வெயில் சுட்டால் எழுந்து வேறிடம் செல்வார். சாரல் அடித்தால் கதவைச் சாத்துவார். கண்ணாடி உடையும் ஓசை கேட்டால் விலகி ஓடுவார். படுக்கையில் இருக்கும் நோயாளியால் இம்மூன்றையும் செய்ய இயலாது. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பெரும்பாலான வீடுகளில் நோயாளியின் கட்டில் ஜன்னலை ஒட்டியே இடப்படுகிறது. சாதாரண நாட்களில் அது நல்ல ஏற்பாடே. புயல் நாளிலும் கடுங்கோடையிலும் அதே ஜன்னல் அவருக்கு ஆபத்தாக மாறக்கூடும்.

தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும், மார்ச் முதல் ஜூன் வரை கடும் வெப்பமும் நிலவுகின்றன. இவ்விரு பருவங்களுக்கும் நோயாளியின் அறை ஜன்னலை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பதை இப்பக்கம் விளக்குகிறது. மருத்துவர் உங்களுக்கு வழங்கியுள்ள அறிவுரைகளுக்கு இது மாற்று அன்று.

முக்கியக் குறிப்புகள்

- முதலில் கட்டிலை நகர்த்துங்கள். அதன் பின்னர் ஜன்னலைப் பலப்படுத்துங்கள்.
- காற்றோ வெயிலோ உள்ளே வராமல் தடுக்கலாம். ஆனால் ஜன்னலை மீண்டும் திறக்கவே இயலாதவாறு நிரந்தரமாக அடைக்கக் கூடாது.
- வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே தடுப்பது, உட்புறத் திரையைக் காட்டிலும் அதிகப் பயன் தரும்.
- மூடிய அறையில் கரி அடுப்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.
- வீடு புயலைத் தாங்காது என்று தோன்றினால், ஜன்னலைப் பலப்படுத்துவதில் நேரம் செலவிடாமல் நோயாளியுடன் முன்கூட்டியே பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

முதியோருக்கு வியர்வை சுரப்பு குறைகிறது. தாக உணர்வும் மங்குகிறது. அறை சூடேறுவதை அவர்கள் தாமதமாகவே உணர்வர். மறதி நோய் உள்ளவர்களும், பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களும் வெப்பத்தை உணர்ந்தாலும் அதைச் சொல்ல இயலாத நிலையில் இருக்கலாம். இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் வழங்கப்படும் நீர்பிரி மாத்திரைகள், சில மனநல மருந்துகள் ஆகியவை உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கக்கூடும். இம்மருந்துகளை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். கோடை தொடங்கும் முன் மருத்துவரிடம் கலந்தாலோசியுங்கள்.

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு மழைக்குப் பின் சுவரில் படரும் ஈரமும் பூஞ்சையும் மூச்சுத்திணறலைத் தூண்டும். நீரிழிவால் பாத உணர்ச்சி இழந்தவர்களுக்குத் தரையில் கிடக்கும் சிறு கண்ணாடித் துண்டும் பெரிய புண்ணுக்குக் காரணமாகலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்குக் கண்ணாடிக் கீறலில் இரத்தப்போக்கு நிற்க நேரம் பிடிக்கும்.

முதற்படி: கட்டிலின் இடம்

ஜன்னலின் மீது எத்தனைப் பாதுகாப்பு அமைத்தாலும், அது தவறினால் எதிரே யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம். எனவே இன்றே ஒரு முறை அறைக்குள் நின்று பாருங்கள்.

- ஜன்னல் உடைந்தால் கண்ணாடி எத்திசையில் விழும்? அப்பாதையில் நோயாளியின் தலைப்பக்கம் உள்ளதா?
- பிற்பகல் 3 மணிக்கு வெயில் கட்டிலின் மீது விழுகிறதா?
- மழை பெய்தால் சாரல் எதுவரை வருகிறது? மின்னிணைப்புப் பலகை, ஆக்சிஜன் செறிவூட்டி, காற்று மெத்தையின் மோட்டார் ஆகியவை அந்த எல்லைக்குள் உள்ளனவா?
- மருந்துப் பெட்டி ஜன்னல் விளிம்பில் உள்ளதா? ஆம் எனில் உடனே அகற்றுங்கள். வெயில் படும் இடத்தில் மருந்துகள், குறிப்பாக இன்சுலின், வீரியம் இழக்கும்.

வீட்டில் ஜன்னல் இல்லாத அல்லது சிறிய ஜன்னல் மட்டும் உள்ள உள்ளறை, கூடத்தின் உட்சுவர் ஓரம் போன்ற ஓரிடத்தைப் ‘புயல் நாள் இடம்’ என முன்கூட்டியே தீர்மானியுங்கள். கட்டில் அக்கதவு வழியே நுழையுமா என்று அளந்து பாருங்கள். நுழையாது எனில், தரையில் இடுவதற்குத் தடித்த மெத்தையும், நோயாளியைத் தூக்கிச் செல்ல இரண்டு பேரும் தேவைப்படுவர். அந்த இரண்டாவது நபர் யார் என்பதைக் காற்று வீசத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும். அறை மாற்ற வழியே இல்லையெனில், கட்டிலை ஜன்னலுக்கு எதிரே இல்லாமல், ஜன்னல் அமைந்துள்ள அதே சுவரின் மூலைக்கு மாற்றுங்கள். நேராகத் தெறிக்கும் கண்ணாடியிலிருந்து அது ஓரளவு பாதுகாப்பளிக்கும்.

புயலுக்கு முன் ஜன்னலைப் பரிசோதித்தல்

காற்றின் வேகம் இரு மடங்கானால் ஜன்னல் மீது அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 4 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஜன்னலின் மீது, மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் தருகிறது எனில், 120 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 100 கிலோவாக உயர்கிறது. சென்ற மழையில் தாங்கிய தாழ்ப்பாள் இம்முறையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலிலும், 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலிலும் காற்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டி வீசியது.

செப்டம்பர் மாதத்திற்குள் கீழ்க்கண்டவற்றைச் சரிபாருங்கள்:

1. கீல், கொக்கி, தாழ்ப்பாள்: ஒவ்வொரு கதவையும் சாத்தித் தாழிட்டு, கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் திருகாணிகளை இறுக்குங்கள். துருப்பிடித்தவற்றை மாற்றுங்கள். மேலும் கீழும் தாழ்ப்பாள் இருப்பது அவசியம்.
2. சட்டம்: மரச்சட்டத்தை ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். எளிதில் உள்ளே இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது என்று பொருள். சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே உள்ள விரிசலைச் சிமெண்டுக் கலவையால் அடையுங்கள்.
3. கண்ணாடி: ஏற்கெனவே கீறல் விழுந்த கண்ணாடி முதலில் உடையும். அதை மாற்றுங்கள். விளிம்பில் உதிர்ந்துபோன புட்டி அல்லது ரப்பர்ப் பட்டையைப் புதுப்பியுங்கள்.
4. நகரும் அலுமினிய ஜன்னல்: கீழ்த்தடத்தில் மண் சேர்ந்திருந்தால் நீர் வடியாமல் அறைக்குள் வழியும். தடத்தின் வெளிப்புறம் உள்ள சிறு துளைகள் நீர் வடிவதற்காக அமைக்கப்பட்டவை. அவற்றைச் சுத்தம் செய்யுங்கள். கசிவு என்று எண்ணி அடைத்துவிட வேண்டாம்.
5. சுற்றுப்புறம்: ஜன்னலுக்கு அருகே உள்ள பட்ட கிளை, மாடியில் உள்ள பூந்தொட்டி, தளர்ந்த தகரம், தென்னை மட்டை ஆகியவையே பெரும்பாலும் கண்ணாடியை உடைக்கின்றன. கோடையில் வெயிலுக்காகக் கட்டிய ஓலைத் தட்டியும் நிழல் வலையும் அவிழ்க்கப்படாமல் இருந்தால், புயலில் அவையே பறந்து தாக்கும்.

பலகை அடைப்பு: கண்ணாடி ஜன்னலுக்கு மரக் கதவு இல்லையெனில், வெளிப்புறம் பிளைவுட் பலகை பொருத்துவது நல்ல பாதுகாப்பாகும். 16 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தடிமன் கொண்ட பலகையை, ஜன்னலின் நான்கு புறமும் சற்றுக் கூடுதலாக இருக்குமாறு முன்கூட்டியே அறுத்து, எந்த ஜன்னலுக்கு உரியது என்று அதன் மீதே எழுதி வையுங்கள். சுவரில் அதற்கான போல்ட்டுகளைத் தச்சரைக் கொண்டு முன்பே அமைத்துவிட்டால், எச்சரிக்கை வந்த நாளில் சில நிமிடங்களில் பொருத்திவிடலாம். மாடி ஜன்னல்களுக்கு வெளிப்புறமிருந்து ஏணி வைத்து நீங்களாகவே பொருத்த முயல வேண்டாம். வீட்டின் எல்லாத் திறப்புகளையும் ஒருசேர அடைக்காமல், வெளியேறுவதற்கு ஒரு வழியை விட்டு வையுங்கள்.

காகிதக் கீற்று ஒட்டுதல்: பலகை கிடைக்காத நிலையில் கண்ணாடியின் மீது காகிதக் கீற்றுகளை ஒட்டினால் சில்லுகள் சிதறுவது ஓரளவு குறையலாம். ஆயினும் அது கண்ணாடியை வலுப்படுத்துவதில்லை, உடைவதைத் தடுப்பதுமில்லை. கீற்று ஒட்டிய ஜன்னலின் அருகில் நோயாளி இருப்பது பாதுகாப்பானது என்று கருத வேண்டாம். ஒட்டியபின் தடித்த திரைச்சீலையையும் இழுத்து மூடுங்கள்.

புதிதாக ஜன்னல் அமைப்பவர்கள் கண்ணாடி வகையைக் கேட்டறிந்து வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி கூரிய பெருந்துண்டுகளாக உடையும். கடினமூட்டிய கண்ணாடி சிறு மணிகளாக உதிரும். இரு கண்ணாடிகளுக்கிடையே பிசின் படலம் கொண்ட அடுக்குக் கண்ணாடி உடைந்தாலும் பெரும்பாலும் சட்டத்திலேயே ஒட்டி நிற்கும். நோயாளி அறைக்கு இதுவே உகந்தது.

எச்சரிக்கை வந்த பின் செய்ய வேண்டியவை

இந்திய வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களில் எச்சரிக்கை வெளியிடுகிறது. நோயாளி உள்ள வீட்டினர் சிவப்பு நிறத்திற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடனேயே செயல்படத் தொடங்குங்கள்.

கூரை வீடு, ஓட்டு வீடு, தகரக் கூரை வீடு, கடற்கரையை ஒட்டிய அல்லது வெள்ளம் புகும் தாழ்வான வீடு ஆகியவற்றில் இருப்பவர்கள் ஜன்னலைப் பலப்படுத்தி வீட்டிலேயே தங்கலாம் என்று எண்ணக் கூடாது. உறவினரின் கான்கிரீட் வீட்டிற்கோ, அரசின் புயல் பாதுகாப்பு மையத்திற்கோ, பகலிலேயே, காற்று வலுக்கும் முன்பே செல்லுங்கள். படுக்கை நோயாளியைக் கொண்டு செல்ல மற்றவர்களைவிட அதிக நேரம் பிடிக்கும். மருந்துச் சீட்டு, குறைந்தது ஒரு வாரத்திற்கான மருந்துகள், மருத்துவ ஆவணங்கள், மாற்றுடை, நீர்புகா விரிப்பு ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள்.

இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெறுபவர்கள், புயலுக்கு முன்னரே அடுத்த முறையை முடித்துக்கொள்ள இயலுமா என்று சிகிச்சை மையத்தைக் கேளுங்கள். ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்துபவர்கள், மின்தடை நேர்ந்தால் பயன்படுத்த மாற்று உருளைக்கு மருத்துவரின் ஆலோசனையுடன் ஏற்பாடு செய்யுங்கள். கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் பல ஆயின என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

புயல் வீசும்போது

நோயாளியைத் தீர்மானித்த உள்ளிடத்திற்கு மாற்றி, இடைக்கதவைச் சாத்துங்கள். காற்று அடிக்கும் திசையில் உள்ள ஜன்னலை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து மேலாகத் தள்ளும். உள்ளே புழுக்கம் மிகுந்து காற்றோட்டம் தேவைப்பட்டால், காற்று வரும் திசைக்கு நேர் எதிர்ப்புறம் உள்ள ஜன்னலை மட்டும் சிறிதளவு திறக்கலாம்.

புயலின் மையம் உங்கள் ஊரைக் கடந்தால் காற்றும் மழையும் திடீரென ஓய்ந்ததுபோல் தோன்றும். இந்த அமைதி அரை மணி நேரம் அளவுக்கு நீடிக்கக்கூடும். அதன் பின்னர் காற்று எதிர்த்திசையிலிருந்து கடுமையாக வீசும். அதுவரை பாதுகாப்பாக இருந்த ஜன்னலே அப்போது காற்றை நேரடியாக எதிர்கொள்ளும். ஆகவே, புயல் கடந்துவிட்டது என்ற அதிகாரப்பூர்வ அறிவிப்பு வரும் வரை நோயாளியை மீண்டும் பழைய அறைக்குக் கொண்டு செல்ல வேண்டாம். திறந்த ஜன்னலை மூடிவிடுங்கள்.

மின்தடையால் காற்று மெத்தை செயலிழந்தால் படுக்கைப் புண் உண்டாகும் அபாயம் அதிகரிக்கும். 2 மணி நேரத்திற்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வையுங்கள்.

மூடிய அறையும் நச்சுப் புகையும்

புயல் நாட்களில் ஜன்னல்கள் அனைத்தும் சாத்தப்பட்டிருக்கும் வேளையில்தான் ஜெனரேட்டரும் கரி அடுப்பும் வீட்டிற்குள் வருகின்றன. இவை வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவிற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம் ஆகியவை முதல் அறிகுறிகள். உறங்கிக்கொண்டிருப்பவர் எந்த அறிகுறியையும் உணராமலேயே உயிரிழக்க நேரிடும்.

- ஜெனரேட்டரை வீட்டிற்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தொலைவில் மட்டுமே இயக்குங்கள். மாடிப்படிக்கு அடியிலோ மூடிய தாழ்வாரத்திலோ வைக்காதீர்கள்.
- ஆக்சிஜன் பயன்படுத்தும் நோயாளியின் அறையில் மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு, கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி எதையும் ஏற்றாதீர்கள். மின்கலத்தில் இயங்கும் விளக்கைப் பயன்படுத்துங்கள்.
- ஒரே நேரத்தில் வீட்டில் பலருக்குத் தலைவலியோ மயக்கமோ ஏற்பட்டால், அனைவரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து 108-ஐ அழையுங்கள்.

புயல் கடந்த பின்

1. உடைந்த கண்ணாடியை அகற்றும் முன் நோயாளியை அறைக்குள் கொண்டு வராதீர்கள். தடித்த காலணியும் கையுறையும் அணிந்து பெரிய துண்டுகளை எடுத்து, பின்னர் ஈரத் துணியால் தரையைத் துடையுங்கள். கண்ணாடித் தூள் படிந்த மெத்தை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுங்கள்.
2. நீரிழிவு உள்ளவர்கள் வீட்டிற்குள்ளும் காலணி அணியுங்கள். அன்றாடம் இரவில் பாதத்தின் அடிப்பகுதியைப் பராமரிப்பவர் பார்வையிட வேண்டும். வலி இல்லை என்பதால் காயம் இல்லை என்று பொருள் அன்று.
3. கண்ணாடி கீறினால் தூய துணியால் 10 நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஆழமாகப் பதிந்த துண்டைப் பிடுங்க வேண்டாம். அதைச் சுற்றி அழுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார்.
4. மழை ஓய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து அறையை உலர்த்துங்கள். நனைந்த திரைச்சீலை, மெத்தை, பாய் ஆகியவை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலராவிட்டால் பூஞ்சை படரத் தொடங்கும். ஆஸ்துமா உள்ளவர் இத்தூய்மைப் பணியைச் செய்யக் கூடாது.
5. ஜன்னலில் கிழிந்த கொசு வலையை உடனே சரிசெய்யுங்கள். மழைக்குப் பிந்தைய வாரங்கள் டெங்கு பரவும் காலம். ஜன்னல் சன்ஷேடின் மீது தேங்கிய நீரையும் வடித்துவிடுங்கள்.

கோடையில் வெப்பக்காப்பு

கண்ணாடி வழியாக நுழையும் வெயில் தரையையும் திரையையும் சுவரையும் சூடாக்குகிறது. சூடேறிய பொருள்கள் வெளியிடும் வெப்பம் அதே கண்ணாடி வழியாக எளிதில் வெளியேறுவதில்லை. ஆகவே வெயில் கண்ணாடியைத் தொடும் முன்னரே, வெளிப்புறத்திலேயே அதைத் தடுப்பது சிறந்தது. மூங்கில் தட்டி, பனையோலைத் தட்டி, பச்சை நிழல் வலை, வெள்ளைத் துணி ஆகியவற்றில் கிடைப்பதைப் பயன்படுத்தலாம். தட்டிக்கும் ஜன்னலுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டால் சூடான காற்று மேலே எழுந்து வெளியேறும். வெளியே கட்ட வழியில்லாத அடுக்குமாடி வீடுகளில் வெளிர்நிறத் தடித்த திரையைக் கண்ணாடியை ஒட்டி இடுங்கள். எளிதில் தீப்பற்றும் தெர்மாகோல் அட்டையை ஜன்னலில் ஒட்டுவதைத் தவிர்க்கவும்.

எந்த ஜன்னலுக்கு முன்னுரிமை? மேற்கு ஜன்னலே முதலாவது. ஜன்னலுக்கு மேல் உள்ள சன்ஷேடு உச்சி வெயிலைத் தடுக்குமே தவிர, மாலையில் தாழ்ந்து வரும் வெயிலைத் தடுக்காது. அதற்குச் செங்குத்தாகத் தொங்கும் தட்டி தேவை. காலை வெயிலுக்காகக் கிழக்கு ஜன்னல் அடுத்தது. சென்னை போன்ற இடங்களில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருப்பதால், அக்காலத்தில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழுவதில்லை. காற்றுக்காக ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமெனில் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது? அறையில் ஒரு வெப்பமானி வையுங்கள். வெளியே அறையைவிடக் குளிர்ந்திருக்கும் அதிகாலையிலும் இரவிலும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வெளிவெப்பம் அறையின் வெப்பத்தைத் தாண்டியதும் வெயில் படும் ஜன்னல்களை மூடித் திரையிடுங்கள். கடலோர ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று தொடங்கியதும் அத்திசை ஜன்னலை மீண்டும் திறக்கலாம். தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நண்பகலில் மூடிய அறை வெளியைவிடச் சூடாகிவிடும். அத்தகைய வீடுகளில் ஜன்னலை மூடுவது தீர்வாகாது. நோயாளியைப் பகலில் மர நிழலுக்கோ வேறு வீட்டிற்கோ மாற்றுவதே தீர்வு.

அறை வெப்பத்தைப் பகலில் 32 டிகிரி செல்சியசுக்குக் கீழும், இரவில் 24 டிகிரிக்குக் கீழும் வைத்துக்கொள்வதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நமது கோடையில் எல்லா வீடுகளிலும் இது இயலாது. இயலாதபோது நோயாளியின் உடலைக் குளிர்விப்பதில் கவனம் செலுத்துங்கள்: ஈரத் துணியால் துடைத்தல், மெல்லிய பருத்தி ஆடை, அடிக்கடி சிறிது சிறிதாக நீர் அருந்தக் கொடுத்தல். நீர் அளவுக்குக் கட்டுப்பாடு உள்ள இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டறியுங்கள். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி சூடான காற்றையே உடலின் மீது செலுத்தும். அந்நிலையில் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி, வறண்ட காற்றுள்ள வேலூர், கரூர் போன்ற உள்மாவட்டங்களில் நல்ல பயன் தரும். ஈரப்பதம் மிகுந்த கடலோரத்தில் நீர் ஆவியாவது குறைவு என்பதால் பயனும் குறைவு, புழுக்கமே கூடும்.

மலைப்பகுதிகளில் குளிர்காலம்

நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் இரவுகள் உண்டு. ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் அல்லது நுரைப் பட்டை ஒட்டுவதும், தரை வரை தொங்கும் தடித்த திரை இடுவதும் குளிர்காற்றைத் தடுக்கும். பகலில் வெயில் படும் ஜன்னலின் திரையை விலக்கி அறையை இயற்கையாகச் சூடாக்குங்கள். இடுக்குகள் அடைபட்ட அறையில் கரிக் கணப்பு வைத்து உறங்குவது உயிருக்கு ஆபத்து.

எப்போது உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்?

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழையுங்கள்:

- உடல் கொதிப்பதுபோல் சூடாக இருத்தல்; வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல்
- குழப்பமான பேச்சு, எழுப்ப இயலாத உறக்கம், வலிப்பு
- மூச்சுத்திணறல், உதடு நீலமாதல்
- அழுத்தியும் நிற்காத இரத்தப்போக்கு

வெப்பத் தாக்கம் என்று ஐயம் இருந்தால், வாகனம் வரும் வரை காத்திருக்காமல் நோயாளியை நிழலுக்கு மாற்றி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் குளிர்ந்த நீர் தெளித்து விசிறுங்கள். உணர்வு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

மருத்துவ ஆலோசனைக்கு 104, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்திற்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு மையத்திற்கு 1077 ஆகிய எண்களை ஜன்னல் அருகே சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய் உள்ளவரின் அறை ஜன்னலை வெயிலுக்காக மூடி வைக்கலாமா?
முழுமையாக மூடி வைக்க வேண்டாம். காற்றோட்டம் குறைந்தால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்று பரவும் வாய்ப்பு அதிகரிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, வெளிப்புறம் தட்டி கட்டி நிழல் மட்டும் ஏற்படுத்துங்கள்.

மின்தடையின்போது இன்சுலினை எங்கே வைப்பது?
வெயில் படாத, வீட்டின் குளிர்ந்த மூலையில், நீர் நிரப்பிய மண்பானைக்குள் நீர் புகாத டப்பாவில் வைக்கலாம். பனிக்கட்டியின் மீது நேரடியாக வைத்து உறையவிடக் கூடாது. உறைந்த இன்சுலினையும், நிறம் மாறிய அல்லது துகள் திரண்ட இன்சுலினையும் பயன்படுத்தாதீர்கள்.

வாடகை வீட்டில் சுவரில் துளையிட அனுமதி இல்லை. என்ன செய்வது?
கட்டிலை நகர்த்துவது, தாழ்ப்பாளைப் பழுது பார்ப்பது, தடித்த திரை இடுவது, கிரில் கம்பியில் தட்டியைக் கட்டுவது ஆகியவற்றிற்குத் துளையிடத் தேவையில்லை. உடைந்த கண்ணாடியையும் உளுத்த சட்டத்தையும் மாற்றித் தருமாறு வீட்டு உரிமையாளரிடம் நோயாளியின் நிலையைக் கூறிக் கேளுங்கள்.

நோயாளி ஜன்னல் ஓரத்தைவிட்டு வர மறுக்கிறார். என்ன செய்வது?
நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்கு அந்த ஜன்னலே வெளியுலகம். அவரது மறுப்பைப் பிடிவாதம் என்று கருத வேண்டாம். எத்தனை நாட்களுக்கு, எதற்காக இடம் மாற்றுகிறோம் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். புயல் நீங்கியதும், வெயில் தணிந்ததும் கட்டிலை மீண்டும் அங்கேயே இடுவதாகக் கூறி, அவ்வாறே செய்யுங்கள். ஒருமுறை சொன்னபடி செய்தால், அடுத்த எச்சரிக்கையின்போது அவர் தயக்கமின்றி உங்களுடன் வருவார்.